ஏற்பவர் பெயர்

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். ஓர் ஆள் மதியம் இரண்டு மணிக்கு ஒரு கதவு வழியாக உள்ளே போனார். அதே ஆள், அதே இரண்டு மணிக்கு, அதே கதவு வழியாக வெளியே வந்தார். வாசலில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு நகர்ந்தார்கள். அங்கே கண்ணாடி எதுவும் இல்லை, அவர் இரட்டைப் பிள்ளையும் இல்லை. அது எப்படி? விடை தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கட்டும். புளியம்படுகையில் மட்டும் இந்த விடுகதையை யாரும் போடுவதில்லை. அங்கே சின்னப் பிள்ளைக்கும் விடை தெரியும்.

புளியம்படுகைக்குக் கிழக்கே, ஆறு வளைகிற இடத்தில், நீரேற்று நிலையம் இருக்கிறது. ஊரார் அதை பம்ப் ஹவுஸ் என்பார்கள். ஆற்றுக்குள் இறக்கிய கிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, தெளியவைத்து, குளோரின் கலந்து, மேலத்தொட்டிக்கும் கீழத்தொட்டிக்கும் ஏற்றி, தெருத்தெருவாகத் திறந்துவிடுவது அங்கே உள்ளவர்களின் வேலை. அவர்கள் ஒன்பது பேர். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று முறை ஷிப்டு மாறும். மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. போகிறவரும் வருகிறவரும் வால்வுச் சக்கரத்தில் ஒன்றாகக் கை வைக்க வேண்டும். வருகிறவர், “பார்த்துக்கிடுதேன்” என்று சொன்ன பிறகுதான் போகிறவர் கையை எடுக்கலாம். அதற்குப் பிறகு நோட்டு. அதில் ஒப்படைப்பவர் பெயருக்கு ஒரு கட்டம், ஏற்பவர் பெயருக்கு ஒரு கட்டம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலியாக இருந்தால் ஷிப்டு முடியவில்லை என்று அர்த்தம், ஷிப்டு முடியாத ஆளுக்குக் காவலாளி கதவைத் திறக்கமாட்டார். ஒருமுறை வேலைக்கு வருகிற வழியில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட, முந்தைய ஷிப்டுக்காரர் முப்பது மணி நேரம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். அவ்வளவு கண்டிப்பான இடம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு வருடம் தானாக ஓடும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. நாற்பது வயது தாண்டியவர்கள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கலாம் என்று கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ஒன்பது பேருமே எழுதிக் கொடுத்தார்கள். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்கு மகன் நச்சரிப்பு, ஒருவருக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்க ஆசை. மேலத்தொட்டி வால்வைப் பார்த்துக்கொண்ட நயினாருக்குக் காரணம் வேறு. அவர் மனைவி ஆவுடைக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மகள் கோமதிக்கு அப்போது ஐந்து வயது.

கடைசி நாள் பிரிவுபசாரம் என்பதால் ஒன்பது பேரும் காலை ஷிப்டிலேயே நின்றார்கள். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. மாலை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். நோட்டை எடுத்தபோதுதான் ஏற்பவர் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்ற கேள்வி வந்தது. இயந்திரத்துக்குப் பெயரும் இல்லை, கையும் இல்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற எஸ்தர் அம்மாதான் அவர்களில் மூத்தவர்.

“காலியா விட்டுட்டுப் போகக் கூடாதுய்யா, இத்தனை வருசத்துல விட்டதில்ல. அவங்கவங்க பேரையே எழுதுங்க. ஒரு எழுத்துதான” என்றார்.

எல்லோரும் தங்கள் பெயரையே எழுதினார்கள். வழக்கத்தையும் விடவில்லை. இடது கையை ஒப்படைப்பவர் கையாகவும் வலது கையை ஏற்பவர் கையாகவும் வைத்து, பார்த்துக்கிடுதேன் என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டு, மாலையோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் இயந்திரத்தை ஓடவைக்க வந்த மெக்கானிக் உள்ளே ஒன்பது பேரும் வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்தார். காவலாளியிடம் கேட்டார். காவலாளி சைக்கிளை எடுத்துக்கொண்டு நயினார் வீட்டுக்குப் போனார். நயினார் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க அங்ஙன நிக்கிய.”

“நான் இங்ஙனல்லா நிக்கேன்.”

“இங்ஙனயும் நிக்கிய.”

நயினார் கஞ்சியை ஒரு கிண்டு கிண்டிவிட்டு, “அப்பஞ் சரி, வால்வு அடைக்க ஆள் இருக்குல்லா” என்றார்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தவர்களை வந்தவர்கள் என்றும், அங்கேயே நின்றுவிட்டவர்களை நின்றவர்கள் என்றும் சொல்லிப் பழகினார்கள். வந்தவர்களுக்கு வயது கூடியது, நின்றவர்களுக்குக் கூடவில்லை. நின்றவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது இன்னும் அதே நாள், அதே ஷிப்டு, இரண்டு மணி ஆகப்போகிற நேரம். டீக்கடையிலிருந்து தினமும் ஒன்பது டீ போகும், ஒன்பதும் ஆடை படிந்து திரும்பி வரும், டீக்கடைக்காரர் அதைக் கொட்டிவிட்டு மறுநாளும் அனுப்புவார். இயந்திரத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினார்கள், அதன் அடியில் கோழிகள் முட்டையிட்டன. வீட்டில் இருக்கிற ஒன்பது பேரின் உள்ளங்கைகளிலும் எதையும் தொடாமலேயே தினமும் மதியத்துக்குள் கிரீஸ் படியும். கோமதிக்கு அப்பாவைப் பற்றி முதலில் தெரிந்த விஷயமே அதுதான். அப்பா என்றால் கை கறுக்கும், மரத்தூளும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போகும்.

நாற்பதாம் நாள் ஆவுடை இறந்துபோனாள். அவளைத் தூக்கிக்கொண்டு பம்ப் ஹவுஸ் வழியாகத்தான் ஆற்றுக்குப் போனார்கள். நயினார் தீச்சட்டியோடு முன்னால் நடந்தார். வேலிக்கு உள்ளே, நின்ற நயினார், சாவு போகும்போது எப்போதும் செய்கிறபடி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். யாருடைய சாவு என்று அவர் கேட்கவில்லை. ஊர்வலம் கடந்த பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

இப்படி ஆறு வருடம் போனது.

ஆறாவது வருடம் தண்ணீர் தப்பத் தொடங்கியது. கீழத்தெருவுக்கு வர வேண்டிய நாளில் மேலத்தெருவுக்கு வந்தது. தொட்டி நிறைந்து வழிந்து ஓடியது, வெறுந்தொட்டியைத் திறந்துவிட்டதால் குழாயில் காற்று மட்டும் சீறியது. எட்டிப் பார்த்தவர்கள், நின்றவர்கள் சக்கரத்தைப் பிடித்தபடியே தூங்குவதாகச் சொன்னார்கள். ஆறு வருடமாக ஒரே ஷிப்டு, பாவம், வீட்டுக்குப் போகலாம் போகலாம் என்று காத்து நிற்கிற களைப்பு. அங்கே அவர்கள் தூங்கத் தூங்க, வீட்டில் வந்தவர்களும் தூங்கினார்கள். சோற்றுத் தட்டின் முன்னால், சலூன் நாற்காலியில், பேசுகிற பேச்சின் நடுவில். ஒருவர் தூங்கியவர் எழவே இல்லை. அவர் பார்த்துக்கொண்ட கீழத்தொட்டி அன்றைக்கு வழிந்து, இரண்டு நாள் நிற்காமல் ஓடியது.

அப்போதுதான் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஜெனிட்டா வந்தாள். இருபத்தெட்டு வயது, தோளில் பை, காலில் சத்தம் போடாத செருப்பு. அவள் வந்ததும் முதலில் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாள். ஏற்பவர் கட்டத்தில் இருக்கிற பெயர்க்காரர்தான் வந்து ஏற்க வேண்டும், வேறு யார் கை வைத்தாலும் நின்றவர்கள் விடமாட்டார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினாள்.

“விருப்ப ஓய்வு பெற்ற பெரியவர்களே, தாய்மார்களே! உங்கள் அனுபவம் வீட்டில் சும்மா இருக்கலாமா? உங்கள் கைகளுக்கு ஊர் காத்திருக்கிறது. மீண்டும் வேலைக்கு வாருங்கள். உங்களை நீங்களே விடுவியுங்கள்!”

கடைசி வரியைக் கேட்டு டீக்கடையில் சிரித்தார்கள். ஆனாலும் அவள் வீடு வீடாகப் போனாள், கொடுத்த இடத்தில் எல்லாம் டீ குடித்தாள், வேலை செய்கிறவர்களுக்கு மூட்டு இறுகாது, மறதி வராது என்று சொன்னாள், எல்லாவற்றையும் நம்பித்தான் சொன்னாள்.

முதலில் போனது எஸ்தர் அம்மா. இரண்டு மணிக்கு உள்ளே போய்த் தன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து, பார்த்துக்கிடுதேன் என்றார். நின்ற எஸ்தர் கையை எடுத்துக்கொண்டு, கொட்டாவி விட்டபடி வெளியே வந்தார். வாசலில் மகன் நின்றான். “ஏல, காலையில பள்ளிக்கூடம் போகும்போது இந்த மீசை எங்கடே இருந்துச்சு?” என்று கேட்டார். மகன் சிரித்துக்கொண்டே அவரைக் கூட்டிக்கொண்டு போனான். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, வீட்டில் உட்காரவைத்து, முதல் சோறு போட்டு, அதற்குப் பிறகு ஆறு வருடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். சிலதுக்குச் சிரித்தார், சிலதுக்கு அழுதார், பிறகு எல்லோரையும் போல இருந்தார். உள்ளே போன எஸ்தர் இரண்டு நாள் வரைக்கும் வேலியோரம் வந்து மகனிடம் பேசினார். மூன்றாம் நாளிலிருந்து நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்தது மாசானம். அவருடைய அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்திருந்தார். நின்ற மாசானம் வெளியே வந்ததும், “எங்கம்மைக்குக் கால் வலி எப்படி இருக்கு?” என்று கேட்க, வாசலில் நின்ற ஒருவர் யோசிக்காமல், “அவ்வொ போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆச்சே” என்று சொல்லிவிட்டார். மாசானம் வந்த வழியே திரும்பி உள்ளே போய், சக்கரத்தில் கை வைத்து, பார்த்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டார். அரை மணி நேரம் முன்னால் உள்ளே போன மாசானம் வெளியே அனுப்பப்பட்டார். அன்றிலிருந்து நின்ற மாசானத்துக்குக் களைப்பு இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். அவர் திறந்துவிடுகிற தெருவுக்குத் தண்ணீர் ஒரு நிமிடம் பிசகாமல் வந்தது. வீட்டுக்குத் திரும்பிய மாசானத்துக்குக் கையில் கிரீஸ் படியவில்லை, தூக்கமும் தெளிந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவர் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்டார். அம்மா என்று சொன்னார்கள். “யாரோட அம்மை?” என்றார்.

வாசலில், வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள், எதைச் சொல்கிறோமோ அது நின்றவரோடு உள்ளே போய்விடும், வந்தவரிடம் அது இருக்காது என்று ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது.

தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? கோமதியின் அடுத்த வீட்டுச் சந்தனமாரியின் புருஷன் துரைப்பாண்டியும் ஒன்பது பேரில் ஒருவர். ஓய்வு பெறுவதற்கு முன்னால் அவர் குடிப்பார், குடித்துவிட்டு அடிப்பார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு எப்படியோ விட்டுவிட்டார். குடிக்கிறவர் வெளியே வரப்போகிறார், குடியை விட்டவர் உள்ளே போகப்போகிறார் என்றதும் சந்தனமாரி இரண்டு நாள் யோசித்தாள். இரண்டு மணிக்கு வாசலில் போய் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். நின்ற துரைப்பாண்டி வந்து, “எங்க அவ?” என்று அதட்டினார்.

“சந்தனமாரியா? அவ செத்து மூணு வருசம் ஆச்சு” என்றாள் சந்தனமாரி.

அவர் திரும்பி உள்ளே போனார். குடியை விட்டவர் வெளியே வந்து, அவளைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பி, “நீங்க யாரும்மா?” என்று கேட்டார்.

“உங்களுக்குச் சோறு பொங்குத பொம்பள” என்று அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது அவர் அவளை வாங்க போங்க என்றுதான் பேசுகிறார். “பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி இருக்காவ, வெக்கமா இருக்கு” என்று குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் களைப்பில்லாமல் ஓடுகிற வால்வுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மீண்டும் வேலைக்கு வருகிறவர்கள் நிரப்புகிற விண்ணப்பத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: வாசலில் சொல்லப்போவது என்ன?

நயினாரின் முறை வரும்போது கோமதிக்குப் பதினோரு வயது. ஆறு வருடமாக அவர்தான் அவளுக்கு எண்ணெய் தேய்த்தார், ஜடை போட்டார், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டார், ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவுக்குப் பாவாடையில் ஜரிகை வைத்துத் தைத்தார். ஆவுடையைப் பற்றித் தினமும் ஏதாவது சொல்வார். அவள் புளிக்குழம்பில் வெல்லம் போடுவாள், அவளுக்குப் பல்லி என்றால் பயம், கோபம் வந்தால் பாத்திரத்தோடு பேசுவாள். கோமதிக்கு அம்மாவின் முகம் படத்தில் உள்ளது மட்டும்தான் ஞாபகம். மற்றதெல்லாம் அப்பா சொன்னது.

ஒருநாள் அவர் அடுப்பின் முன் நின்றபடியே தூங்கிவிட்டார். குழம்பு அடிப்பிடித்து, சட்டியை இறக்கப் போன கோமதியின் மணிக்கட்டில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது. அவள் கத்தியும் அவர் எழவில்லை. சந்தனமாரி ஓடி வந்து தண்ணீர் ஊற்றித்தான் எழுப்பினாள். அன்று சாயங்காலமே ஜெனிட்டா விண்ணப்பத்தோடு வந்தாள்.

“வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்துருங்க சார். லேட் பண்ணா ரிஸ்க். கீழத்தொட்டிக்காரர் கதை உங்களுக்கே தெரியும்” என்றாள். பேனாவை வைத்துக்கொண்டு, “வாசல்ல யாரு நிப்பா? வீட்டாளு ஒருத்தர் வேணும்” என்று கேட்டாள்.

“நான்தான் நிப்பேன்” என்றாள் கோமதி.

“என்ன சொல்லுவம்மா?”

நயினார் முந்திக்கொண்டார். “ஒண்ணும் சொல்லமாட்டா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சோறு போடுவா. அப்படியே எழுதிக்கிடுங்க.”

ஜெனிட்டா கோமதியைப் பார்த்தாள். கோமதி மணிக்கட்டில் இருந்த கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டத்தில் ஜெனிட்டா எதையும் எழுதாமல் விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் போன பிறகு கோமதி கேட்டாள்.

“எப்பா, அம்மை செத்ததை வாசல்ல சொன்னா நீங்க திரும்பி வந்துருவியல்லா?”

“வருவேன்.”

“தூங்கமாட்டிய.”

“மாட்டேன்.”

“அப்பஞ் சொல்லுதேன்.”

நயினார் மரத்தூளை அள்ளிக் கையில் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார்.

“ஏட்டி கோமு, அங்ஙன நிக்கதும் நான்தான். ஆவுடை வீட்டுல படுத்துருக்கா, ரெண்டு மணி ஆனதும் போயிரணும்னு நிக்கேன். ஆறு வருசமா நிக்கேன். அவன்கிட்ட போயி நீ அதைச் சொன்னா, அவன் எதுக்கு வெளிய வருவான்? திரும்பிப் போயி அங்ஙனயே நிப்பான், மாசானம் நிக்கது மாதிரி. களைப்பு கெடையாதாம், நல்ல வேலைக்காரனாம். அது பொழப்பாட்டி?”

கோமதி சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினாள்.

“நான் திரும்பி வருவேன். ஆனா உங்கம்மையைத் தெரியாம வருவேன். உனக்கு அவளைப் பத்திச் சொல்ல ஆளில்லாமப் போயிரும்.” கையைக் கழுவிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எனக்கே அவ சிரிப்பு மறந்துபோச்சுட்டி. யோசிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. அவனுக்கு மறக்கல. அவனுக்கு அது இன்னைக்குக் காலையில கேட்டது.”

“நீங்க உள்ள போனா மூணு நாளைக்குப் பிறகு என்னைய நிமிந்து பாக்கமாட்டிய.”

“பாக்கமாட்டேன்.”

“அங்ஙனருந்து வாரவ்வொளுக்கு ஜடை போடத் தெரியுமா?”

“தெரியாது. நீதான் சொல்லிக்குடுக்கணும்” என்றார் நயினார். சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார்.

வியாழக்கிழமை சந்தனமாரி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கோமதி கேட்டாள்.

“அத்த, நீங்க பொய் சொன்னியல்லா, அதுக்கு ராத்திரி தூக்கம் வருதா?”

“நல்லா வருது” என்றாள் சந்தனமாரி. ஒரு சேலையை உதறினாள். “பகல்லதான், பம்ப் ஹவுஸ் பக்கம் போனா, தலையைத் திருப்பிக்கிட்டுப் போறேன். அந்த ஆளு எனக்காக மொட்டை போட்டிருக்காரு. யாருட்டி போட்டுவிட்டா, உள்ள என்ன நாவிதனா இருக்கான்? ஆனா போட்டிருக்காரு. உசுரோட இருந்தப்ப ஒரு பூ வாங்கித் தந்ததில்ல.” அடுத்த சேலையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நயினார் இரட்டை ஜடை போட்டுவிட்டார். கொஞ்சம் இறுக்கமாகப் போட்டார், ஒரு வாரம் அவிழாது என்றார். இரண்டு பேரும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி பம்ப் ஹவுஸ் வாசலுக்கு வந்தார்கள். ஜெனிட்டா ஒரு குடையோடு நின்றாள். காவலாளி வணக்கம் வைத்தார். சங்கு ஊதியது. நயினார் மகளின் தலையைத் தொட்டுவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

கோமதி எண்ணிக்கொண்டு நின்றாள். நூறு வருவதற்கு முன்னால் உள்ளேயிருந்து இன்னொரு நயினார் வந்தார். கதவுக்கு உள்பக்கம், எழுதிய நோட்டைக் காவலாளியிடம் காட்ட வந்த நயினாரும் வெளியே போகிற நயினாரும் ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு நகர்ந்தார்கள். வாசலுக்கு வந்த இந்த நயினாருக்கு ஒரு நரை இல்லை. கண் சிவந்து, கால் தடுமாறி, மாலை வாடாமல் கழுத்தில் கிடக்க, வாசலில் நின்று யாரையோ தேடினார். கோமதியின் தலைக்கு மேலே தேடவில்லை, அவள் இடுப்பு உயரத்துக்குத் தேடினார். யாரும் இல்லை என்றதும்தான் அவளைப் பார்த்தார்.

“யாரு பிள்ள நீ?”

“நயினார் வீட்டுப் பிள்ள.”

“நயினார் நான்லா!” என்று சிரித்தார். “எம்பிள்ள இத்தனூண்டு இருப்பா. நீ ஆவுடை ஊர்லருந்து வந்துருக்கியா? அந்த மூக்கு அவ மூக்குதான். என்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாளாக்கும், எனக்கு வழி தெரியாத மாதிரி.”

ரோட்டில் லாரி ஒன்று வந்தது. அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். அவர் உள்ளங்கை கிரீஸ் பிசுக்கோடு சூடாக இருந்தது. லாரி போன பிறகும் கையை விடாமல், மற்றக் கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே மாத்திரை அட்டை இருந்தது.

“மூணு மணிக்கு அவளுக்கு மாத்திரை குடுக்கணும். வேகமா நட” என்றார்.

நடந்தார்கள். ஜெனிட்டா கொஞ்ச தூரம் விட்டுப் பின்னால் வந்தாள். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் கோமதி நின்றுவிட்டாள். அவரும் நின்றார்.

“என்ன, கால்ல முள்ளு குத்திட்டா?”

“காலையில நீங்க வேலைக்குக் கிளம்பும்போது அவ்வொ என்ன சொன்னாவ?” என்று கேட்டாள் கோமதி.

“ஆவுடையா?” அவர் முகம் களைப்போடேயே மலர்ந்தது. “அவ வாயை ஏன் கேக்க. இன்னையோட வேலை முடியுதே, நாளையிலருந்து இந்த மனுசனை வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, அங்ஙனயே பைப்புல கட்டிப்போட்டுட்டு வாங்கன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. சிரிச்சா வயித்துல வலிக்கும்லா, ரெண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, வலிக்கி வலிக்கின்னுட்டே சிரிச்சா. பிறகு, கோமுவை எழுப்பாதிய, எந்திரிச்சா உங்க பின்னாலயே வந்துருவான்னா. நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுச் சத்தமில்லாம வந்தேன்.”

கோமதி முழுவதையும் கேட்டாள். அந்தச் சிரிப்பு எப்படி என்று இன்னொரு தரம் கேட்டாள். அவர் மாலையை ஒதுக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்பக்கமாக மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்துக் காட்டினார். அவள் தானும் ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றார்.

பிறகு கோமதி அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, ஆவுடை இறந்து ஆறு வருடம் ஆகிறது என்று அவரிடம் சொன்னாள்.